கட்டுப்பாட்டுக் குழு உட்பட

சூசைமரியானின் வயிறு யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. அது பாட்டுக்கு ஒரு முழம் முன்னால் போய்க்கொண்டிருந்தது, அவன் அதற்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். வேறு உத்தியோகமாக இருந்தால் இரண்டு பேரும் சமாதானமாகக் காலத்தை ஓட்டியிருப்பார்கள். காரைக்குடிக்கும் கண்டரமாணிக்கத்துக்கும் நடுவே ஓடிய பூமிநாதன் பஸ் சர்வீஸில் அவன் கண்டக்டர் என்பதுதான் வில்லங்கம். இரண்டு வரிசைச் சீட்டுக்கும் இடையில் முதலாளி விட்டிருந்த சந்து, அவன் வேலைக்குச் சேர்ந்த வருஷத்து உடம்புக்குத்தான் அளவு.

தொண்ணூற்று நான்காம் வருஷம், வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில் அவன் அந்தச் சந்தில் மாட்டிக்கொண்டான். முன்னாலிருந்து நாலு பேர் இழுத்தார்கள். பின்னாலிருந்து ஐந்தாறு பேர் தள்ளினார்கள். கடைசியில் அவன் வரவில்லை, சீட்டுக் கம்பிதான் வந்தது. அது தெறித்துப் போய், கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளையின் தாய்மாமன் மூக்கை உடைத்தது. தாய்மாமன் ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சூசைமரியானின் காதோடு ஒன்று விட்டார். பஸ் கல்யாண வீட்டுக்குப் போகாமல் வெல்டிங் பட்டறைக்குப் போயிற்று.

முதலாளி பூமிநாதன் பட்டறைக்கே வந்துவிட்டார்.

"ஏப்பா சூசை, நான் பஸ்ஸு ஓட்டுறேனா, இல்ல உன் வயித்தை ஊர்வலம் கொண்டுபோறேனா?"

"மொதலாளி, இன்னைக்குக் கூட்டம் கொஞ்சம்..."

"கூட்டத்தைக் குத்தம் சொல்லாத. முன்வாசல்ல ஏறுறவன்கிட்ட நீ போய்ச் சேர்றதுக்குள்ள அவன் எறங்கிப் போயி ஊட்டுல சோறு தின்னுட்டு இருக்கான். கொத்தமங்கலத்துல கவருமெண்டு நெலையம் ஒண்ணு வந்துருக்கு. எலைச்சாறு குடுத்து ஒடம்பைக் கொறைக்கிறாகளாம். அங்குட்டுப் போயி, 'இந்த ஆளுக்குப் பருமன் இல்லை'ன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வா. வந்தா கண்டக்டர் பையி உனக்கு. வரலைன்னா நம்ம கிளீனர் சொக்குக்கு. அவன் சைக்கிள் கம்பி மாதிரி இருக்கான், சீட்டுக்கு அடியிலகூடப் போயிட்டு வருவான்."

வீட்டில் அவன் மனைவி வியாகுலம்மாள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துணிப்பையை எடுத்தாள். இரண்டு பெண் பிள்ளைகளும் அமராவதிபுதூரில் படித்துக்கொண்டிருந்தன. கண்டக்டர் பை தோளிலிருந்து இறங்கினால் அந்தப் பிள்ளைகளின் புத்தகப் பையும் இறங்கிவிடும் என்பதை அவள் எடுத்துச் சொல்லவில்லை. சட்டையும் இடுப்புக்குக் கட்டும் சாரமும் மடித்து வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்:

"சர்ட்டிபிகேட்டு இல்லாம இங்குட்டு வந்துராதீக."

* * *

'நடுவண் மூலிகைச் சாறு ஆய்வு நிலையம், அழற்சி மற்றும் பருமன் கிளை' கொத்தமங்கலத்தில் ஒரு செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுத்து நடந்தது. முகப்பில் நுழைந்தவன் பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் வெளியே வரலாம் என்கிற அளவுக்கு நீளமான வீடு. வெளியே வரலாம் என்பது வீடு கட்டியவர்களின் எண்ணம். நிலையத்தின் எண்ணம் வேறு.

அது ஆராய்ச்சி செய்யப் புறப்பட்டது எலிகளை வைத்துத்தான். எலியின் காலில் ஊசி போட்டு வீக்கம் உண்டாக்குவது, நொச்சிச் சாறு கொடுத்து வீக்கம் வடிகிறதா என்று பார்ப்பது. இன்னொரு கூட்டம் எலிகளுக்குக் கொழுப்பைத் தின்னக் கொடுத்துப் பருக்க வைப்பது, கொடம்புளிச் சாறு கொடுத்து மெலிகிறதா என்று பார்ப்பது. இதற்கான செயல்முறை டில்லியிலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. எலிகள் பம்பாயிலிருந்து ரயிலில் வந்தன. வழியில் செத்தது போக மிஞ்சிய எலிகள், இரண்டாங்கட்டில் நெல் மூட்டைகளைப் பார்த்ததும் ஆராய்ச்சியில் நாட்டம் இழந்து கூண்டைக் கடித்துவிட்டுப் போய்விட்டன.

நிதியோ வந்துவிட்டது. வந்த நிதியைத் திருப்பி அனுப்புவது அரசுத் துறைகளில் தற்கொலைக்குச் சமம். ஆகவே இயக்குநர் முனைவர் வயிரவசுந்தரம் துணிந்து ஒரு முடிவெடுத்தார். செயல்முறையைத் தமிழாக்கம் செய்யும்போது 'எலி' என்று வரும் இடத்திலெல்லாம் 'பயனாளி' என்று போடும்படி தமிழாக்க அலுவலர் இராமுவுக்கு உத்தரவிட்டார். இராமு நேர்மையானவர். ஒரு இடம்கூட விடவில்லை.

அதனால்தான் சூசைமரியான் போய்ச் சேர்ந்த முதல் நாள், நிலைய உதவியாளர்கள் இரண்டு பேர் அவனைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"என்னண்ணே தேடுறீக?"

"வாலு."

"வாலா?"

"'பயனாளியின் வாலை மென்மையாகப் பற்றித் தூக்கித் தராசில் வைக்கவும்'னு இருக்கு. உங்களுக்கு எங்குட்டு வச்சிருக்கீக?"

விவகாரம் இயக்குநர் அறைக்குப் போயிற்று. வால் இல்லாத பயனாளிகளுக்குச் சாரத்தின் பின் முனையே வாலாகக் கருதப்படும் என்று உத்தரவு வந்தது. சாரத்தின் பின் முனையைப் பிடித்து நூற்றுப் பத்துக் கிலோவைத் தூக்கினார்கள். சாரம் மட்டும் தராசுக்குப் போயிற்று. எடை குறைவு என்று எழுதிக்கொண்டார்கள்.

சூசைமரியானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வந்த அன்றைக்கே எடை குறைந்ததில் ஒரு சந்தோஷம்.

* * *

காலைதோறும் பட்டாலை என்கிற பெரிய கூடத்தில் கூட்டம் கூடும். பர்மாத் தேக்குத் தூண்களுக்கு நடுவே பயனாளிகள் சம்மணம் போட்டு உட்கார, இயக்குநர் ஊஞ்சல் பலகையில் நின்றுகொண்டு பேசுவார். சங்கிலியை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பெருமக்களே! பருமன் என்பது என்ன? உள்ளே அடங்கிய வீக்கம். வீக்கம் என்பது என்ன? வெளியே வந்த பருமன். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த பெருமை இந்த நிலையத்துக்கே உண்டு. 'உங்கள் சாறு வேலை செய்கிறதா?' என்று சிலர் கேட்கிறார்கள். எவ்வளவு குறுகிய பார்வை! சாறு வேலை செய்துவிட்டால் பிறகு ஆராய்ச்சி எதற்கு? ஆராய்ச்சி நின்றால் இங்கே பணிபுரியும் குடும்பங்கள் என்ன ஆவது? ஆகவே சாறு வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வது நமது சமூகக் கடமை!"

உதவியாளர்கள் கை தட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீரான் சாகிபு சூசைமரியானின் விலாவில் இடித்தார். காரைக்குடியில் பேக்கரி வைத்திருந்தவர். முழங்கால் வீங்கி, நொச்சி ஒத்தடம் போட வந்தவர்.

"தம்பி, இந்த ஆளு உண்மையைத்தான் சொல்றாரு. அதான் பயமா இருக்கு."

"உங்க முழங்காலு எப்படி பாய் இருக்கு?"

"அதை ஒருத்தனும் தொடலப்பா. 'இது நீங்களாக் கொண்டாந்த வீக்கம், நெலையத்துக் கணக்குல சேராது'ங்கிறாங்க. நெலையத்து வீக்கம் வேறயாம். அது இன்னும் வரலையாம்."

அது எங்கிருந்து வரும் என்று இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

கொடம்புளிச் சாறு காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு. குடித்த கால் மணியில் பயனாளிகள் எல்லாரும் பின்கட்டுக்கு ஓடுவார்கள். ஓட முடியாதவர்கள் பாதி வழியில் நின்றுவிடுவார்கள். ஆடி பிறப்பதற்குள் சூசைமரியானின் கன்னம் ஒட்டியது, இடுப்பில் சாரம் நிற்காமல் நழுவியது. வயிறு தன் வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பின்னால் நடந்தது. நாக்கில் ருசி போனாலும் கண்ணுக்கு முன்னால் சர்ட்டிபிகேட் தெரிந்தது. இயக்குநர் அறைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"ஐயா, நான் மெலிஞ்சுட்டேன். ஒரு சர்ட்டிபிகேட்டு குடுத்தீகன்னா இன்னைக்கு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிருவேன்."

இயக்குநர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"இதுதான் நம் மக்களிடம் உள்ள குறை. பாதி ஆராய்ச்சியிலேயே குணமாகிவிடுகிறார்கள். தம்பி, நீங்கள் முடித்திருப்பது பருமன் பிரிவு. அடுத்தது அழற்சிப் பிரிவு. இரண்டையும் முடித்தால்தான் சான்றிதழ். உங்களுக்கு வீக்கம் இருக்கிறதா?"

"இல்லீங்களே."

"வரும்," என்றார் இயக்குநர் அன்போடு.

* * *

டில்லிக்காரர்களின் ஆங்கிலத்தில் 'கண்ட்ரோல் குரூப்' என்று ஒன்று இருந்தது. மருந்து கொடுக்காமல் ஒரு கூட்டத்து எலிகளைச் சும்மா வைத்திருந்து, மருந்து குடித்த எலிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சும்மாக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். இராமு அதைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்று தமிழாக்கினார். பெயரைப் பார்த்த இயக்குநர், கட்டுப்படுத்தத் தெரிந்தவர்களைத்தான் அதில் போட வேண்டும் என்று முடிவு செய்தார். மஞ்சுவிரட்டில் மாட்டையும், மற்ற நாட்களில் மனிதர்களையும் அடக்கிப் பேர் வாங்கிய கருத்தையா, தன் கூட்டாளிகளோடு வேலைக்குச் சேர்ந்தான்.

அதே ஆங்கிலத்தில், 'கண்ட்ரோல் குரூப்புக்கு வெஹிக்கிள் மட்டும் கொடுக்கப்படும்' என்றும் இருந்தது. மருந்தைக் கரைக்கிற வெறும் திரவத்துக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த பெயராம் அது. இராமு 'வாகனம்' என்று எழுதினார். கருத்தையாவுக்கு ஒரு ஜீப் வந்தது.

வீக்கம் உண்டாக்கும் ஊசி மருந்து வந்து சேரவில்லை. 'உள்ளூரில் கிடைக்கும் பொருளைப் பயன்படுத்திக்கொள்க' என்று மேலிடத்துப் பதில் வந்தது. உள்ளூரில் கிடைத்தது புளிய விளார். ஒரே நீளம், ஒரே பருமன், ஒரே எடை என்று சீவி அடுக்கினார்கள். அதற்கு அரசுத் தர முத்திரை வாங்க இயக்குநர் விண்ணப்பித்தும் இருந்தார்.

கருத்தையா நல்ல மனுஷன். அடிப்பதற்கு முன்னால் உத்தரவு கேட்டுக்கொள்வான்.

"அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. இடதா, வலதா?"

"என்னப்பா இடது வலது?"

"காலு."

சூசைமரியான் யோசிப்பதற்குள் இரண்டிலும் விழுந்தது. முதல் அடியில் அவன் ஆண்டவரைக் கூப்பிட்டான். அடுத்த அடியில் அந்தோணியாரைக் கூப்பிட்டான். அதற்கடுத்த அடியில் பூமிநாதன் முதலாளியின் தாயாரைக் குறித்து, கோயிலுக்குப் போகிறவன் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னான். தோல் பிளந்து ரத்தம் வந்தது. உதவியாளர் நூலைச் சுற்றி வீக்கத்தை அளந்தார்.

"ரத்தம் வரக்கூடாதுப்பா கருத்தையா. ரத்தம் வேற துறை. வீங்க மட்டும்தான் செய்யணும்."

"மன்னிச்சுக்கங்க சார். கை கொஞ்சம் நீண்டுருச்சு."

வீங்கிய இடத்தில் நொச்சிச் சாறு ஊற்றினார்கள். சாறு என்றால் பாட்டிகள் வைக்கும் ஒத்தடம் இல்லை. சாராய ஆவியில் வடித்தெடுத்த சாறு. பிளந்த தோலில் அது பட்டதும் சூசைமரியான் எழுந்து தூணில் மோதினான். நெற்றியும் வீங்கியது. அதையும் அளந்துகொண்டார்கள். காசு செலவில்லாத வீக்கம் என்று பாராட்டு வேறு.

மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு மத்தியானம் அவன் பின்கட்டு வழியாகத் தப்பினான். வீங்கிய காலோடு ஊர் எல்லை ஊருணி வரைக்கும் போயிருப்பான். பின்னால் ஜீப் வந்தது. கருத்தையா இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்கண்ணே. இந்த வெயில்ல நடந்தா வீக்கம் கூடிரும்."

"விட்ருப்பா. புள்ளகுட்டிக்காரன்."

"விட்டா எனக்கு ஜீப்பு போயிரும்ணே. நானும் புள்ளகுட்டிக்காரன்தான்."

ஜீப்பில் ஏற்றும்போது இரண்டு விலா எலும்பு போயிற்று. 'ஆய்விலிருந்து இடையில் விலகும் பயனாளி கணக்கில் கொள்ளப்படமாட்டார்' என்று செயல்முறையில் இருந்தது. கணக்கில் கொள்ளாமல் அடித்தார்கள்.

அடி மூஞ்சியிலிருந்து பாதம் வரைக்கும் பரவ, கொடம்புளி கரைத்த உடம்பைப் புளிய விளார் திருப்பிக் கொடுத்துவிட்டது. நிலையத்து வாசலில் ஏறியபோது இருந்த இடுப்புச் சுற்றளவு அப்படியே இருந்தது. நெஞ்சுச் சுற்றளவு கூடியிருந்தது. இயக்குநர் நூலைப் பார்த்துப் பூரித்துப் போனார்.

"கவலைப்படாதீர்கள். பருமன் முழுக்கப் போய்விட்டது. இப்போது இருப்பது வீக்கம். அது வேறு பிரிவு."

வியாகுலம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பார்க்க வந்தாள். வாசலில் கிடந்த உருவத்தைத் தாண்டி உள்ளே போய் "சூசைமரியான் எங்க இருக்காக?" என்று கேட்டாள். தாண்டியவளே திரும்பி வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துருங்க. பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"புள்ளைக?"

அவள் பிடித்திருந்த கையை விட்டாள். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. அவன் தங்கினான்.

* * *

அதற்கடுத்து வந்தது இரட்டைக் குருட்டு முறை. யார் எந்த மருந்து குடிக்கிறார்கள் என்பது குடிப்பவனுக்கும் தெரியக்கூடாது, கொடுப்பவருக்கும் தெரியக்கூடாது. ஆராய்ச்சியில் பாரபட்சம் வராமலிருக்க உலகம் முழுக்க இதைச் செய்கிறார்களாம். இராமுவின் தமிழில் 'இரு தரப்பினரும் குருடாக இருத்தல் வேண்டும்' என்று வந்திருந்தது. கறுப்புத் துணி வாங்கி இரண்டு தரப்பின் கண்ணையும் கட்டினார்கள்.

கட்டுப்பாட்டுக் குழு விளாரை ஓங்கிக்கொண்டு பட்டாலைக்குள் இறங்கியது. ஒரு தரப்பு அடிக்க, ஒரு தரப்பு உருள, யார் எந்தத் தரப்பு என்பது அரை நாழிகையில் ஆண்டவனுக்கே தெரியாமல் போயிற்று. கருத்தையா தன் மச்சினன் தோளை இறக்கினான். மச்சினன் திருப்பி விட்டதில் ஒரு உதவியாளரின் முன்பல் இரண்டு போய்க் கொடம்புளிச் சட்டிக்குள் விழுந்தது. அந்தச் சட்டியையும் அன்று மாலை பயனாளிகளுக்கே ஊற்றினார்கள். மேலே மாடி வளைவில் நின்று பார்த்த இயக்குநர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை. பிறவியிலேயே அந்த வசதி தமக்கு உண்டு என்று அவர் நினைத்திருக்கலாம்.

"பாரபட்சமே இல்லை!" என்று அவர் மேலிருந்து கூவினார். "ஒரு அடியில்கூடப் பாரபட்சம் இல்லை!"

மீரான் சாகிபு ஊஞ்சலுக்கு அடியில் படுத்துக்கொண்டு சூசைமரியானையும் உள்ளே இழுத்தார்.

"தம்பி, உசிரோட இருக்கியா?"

"இருக்கேன் பாய்."

"சத்தமாச் சொல்லாத. எழுதிக்கிருவாய்ங்க."

* * *

டில்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று தந்தி வந்தது. ஆய்வை முடித்தாக வேண்டும். மறுநாள் காலைக் கூட்டத்தில் இயக்குநர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஊஞ்சல் பலகையில் ஏறினார்.

"பெருமக்களே! பிரியும் நேரம் வந்துவிட்டது. உங்கள் எல்லாருக்கும் சான்றிதழ் தயார். கடைசிப் படி ஒன்றுதான் பாக்கி. இராமு, படியுங்கள்."

இராமு தொண்டையைக் கனைத்தார். "'ஆய்வின் நிறைவில் பயனாளிகள் பலியிடப்படுவர். கல்லீரல், மண்ணீரல் ஆகியவை எடுக்கப்பட்டு எடை பார்க்கப்படும்.'"

எலிகளுக்கு இது வழக்கம்தான். எந்த எலியும் இதுவரை விளக்கம் கேட்டதில்லை. சூசைமரியான் கேட்டான்.

"ஐயா, பலின்னா... எப்படிப் பலி?"

"பலி என்றால் பலிதான் தம்பி. தமிழில் அதற்கு வேறு பொருள் இருக்கிறதா என்ன?"

"அப்ப சர்ட்டிபிகேட்டு?"

"பலிக்குப் பின்."

"யாருகிட்ட குடுப்பீக?"

"சட்டப்படியான வாரிசிடம். அதில் ஒரு தடையும் இல்லை. தங்கள் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும்."

சூசைமரியான் மலைத்துப் போய் உட்கார்ந்திருந்தான். சர்ட்டிபிகேட் வேண்டுமென்றால் சாக வேண்டும். சாகாமல் போனால் பை சொக்கு தோளுக்குப் போய்விடும். செத்துவிட்டால் பையை எந்தத் தோளில் மாட்டுவது என்பது மட்டும் பிடிபடவில்லை.

கருத்தையா நடு வாசல் முற்றத்து மூலையில் சாணைக் கல்லில் வெட்டரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு எதுவும் ஒன்றுதான். இயக்குநர் கையை உயர்த்தினார்.

"இதில் யாருக்கும் பாரபட்சம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இராமு, அடுத்த வரி."

"'கட்டுப்பாட்டுக் குழு உட்பட அனைத்துக் குழுக்களும்.'"

சாணைக் கல்லின் சத்தம் நின்றது.

"சார்," என்றான் கருத்தையா. "உட்படன்னா?"

"உட்பட என்றால் சேர்த்து."

"எங்களையுமா?"

"ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? உங்கள் கல்லீரலையும் அவர்கள் கல்லீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஞ்ஞானம். ஜீப் அனுபவித்தீர்கள் அல்லவா? ஜீப்பும் இதே செயல்முறைப்படிதான் வந்தது."

"எங்களை யாரு சார் வெட்டுறது?"

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். "நீங்களே முறை வைத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் தலையிடாது."

ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் கருத்தையாவின் மச்சினன். அவன் கையை விட்டான். இயக்குநர் பலகையிலிருந்து நேராகத் தரைக்கு வந்தார். ஆத்தங்குடி ஓடு வழவழப்பானது. முகம் நடு வாசல் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. அங்கே கருத்தையா இருந்தான். அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, தர முத்திரைக்கு விண்ணப்பித்த விளாரை எடுத்துக்கொண்டான்.

"சார், கோவிச்சுக்கிறாதீக. இடதா, வலதா?"

அதற்கப்புறம் நடந்ததில் முறை எதுவும் இல்லை. குழு முழுக்க இறங்கியது. உதவியாளர்கள் இயக்குநரைக் காப்பாற்ற வந்து, வந்த வேகத்திலேயே தூண்களில் சாய்ந்தார்கள். கொதிக்கிற நொச்சி அண்டா கவிழ்ந்து இரண்டு பேரின் கால் வெந்தது. ஒருவன் எனாமல் சட்டியால் இராமுவின் மண்டையில் போட்டான். இராமு "பொருள் என்னுடையதல்ல, சொல் மட்டுமே என்னுடையது" என்று சொல்லிக்கொண்டே விழுந்தார். பெல்ஜியம் கண்ணாடி ஒன்று சுவரிலிருந்து விழுந்து உடைந்தது. சூசைமரியான் தன்னால் முடிந்ததைச் செய்தான்: யாருடைய நெஞ்சிலோ உட்கார்ந்தான். கீழே இருந்தது இயக்குநர் என்று பிறகுதான் தெரிந்தது. எழுந்திருக்க அவனுக்கு அவசரம் இல்லை.

இயக்குநரின் முகம் பூசணிக்காயாகப் பழுத்தது. கண்கள் இரண்டும் உள்ளே போய்விட்டன. கடைசியில் அவரே உதடு கிழிய முனகினார்:

"டில்லிக்காரர்கள்... நாளைக்கு... கல்லீரல் கேட்பார்கள்."

எல்லாரும் நின்றார்கள். அது நியாயமான கவலை. கல்லீரல் காட்டாவிட்டால் நிலையம் மூடப்படும். நிலையம் மூடப்பட்டால் ஜீப் இல்லை, சம்பளம் இல்லை, சர்ட்டிபிகேட்டும் இல்லை.

மீரான் சாகிபு தாடியைத் தடவினார்.

"இதுக்கு எங்கள்ல வழி இருக்கு. இபுறாகீம் நபி மகனை அறுக்கப் போனப்ப, அல்லா கடைசி நேரத்துல ஒரு கிடாயை அனுப்புனான்ல?"

"எங்க ஆபிரகாமுக்கும் கிடாதான் பாய் வந்துச்சு," என்றான் சூசைமரியான் ஆவலாக.

"எங்க கருப்பருக்கு என்னைக்குமே கிடாதான்," என்றான் கருத்தையா.

மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். கிடாயை வெட்டுவதா அறுப்பதா என்பதில் மட்டும் அரைமணி நேரம் கைகலப்பு ஆயிற்று. மீரான் சாகிபு பிஸ்மி சொல்லி அறுப்பது, கருத்தையா சூடம் காட்டுவது, சூசைமரியான் சிலுவை போடுவது என்று முடிந்தது. ஜீப் எங்கேயோ போய் ஒரு கிடாயோடு வந்தது. கிடாயின் சொந்தக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். அவரையும் கட்டுப்படுத்தினார்கள்.

* * *

டில்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இயக்குநர் தலையில் கட்டோடு வரவேற்றார்; பேச முடியாததால் அவருடைய உரை மிகச் சிறப்பாக இருந்ததாக வந்தவர்கள் சொன்னார்கள். எனாமல் தட்டில் கல்லீரல் வந்தது. கூடவே மற்ற உறுப்புகளும் வந்தன. தட்டின் நுனியில், செயல்முறையில் சொன்னபடியே, ஒரு வால் இருந்தது. தலைவர் அதைக் கண்டதும் மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். இத்தனை நிலையங்களைப் பார்த்தும், விதிமுறையை வால் வரைக்கும் கடைப்பிடித்த நிலையம் இது ஒன்றுதான் என்றார்.

கல்லீரலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கொழுப்பே இல்லை! இவ்வளவு தூய்மையான கல்லீரலை மனிதர்களிடம் நான் பார்த்ததேயில்லை. பயனாளி கடைசியில் என்ன சாப்பிட்டார்?"

இராமு தலைக்கட்டைத் தடவிக்கொண்டே மொழிபெயர்த்தார். கருத்தையா, "தழை" என்றான்.

"தழை மட்டுமா?"

"கொஞ்சம் தவிடும்."

தலைவர் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயனாளியின் பெயர் என்ன என்று கேட்டார். வரிசையில் முதலில் நின்றவன் சூசைமரியான். கூச்சத்தோடு தன் பெயரைச் சொன்னான். சான்றிதழில் அங்கேயே கையெழுத்துப் போட்டார்கள். மதியம் கொத்தமங்கலமே மணக்கும்படி குழம்பு கொதித்தது. ஆராய்ச்சியின் நிரூபணத்தில் எல்லாரும் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுக்கும் நிதி வந்தது. மீரான் சாகிபின் முழங்கால் வீக்கத்தை அப்போதும் யாரும் பார்க்கவில்லை.

* * *

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் பூமிநாதன் சான்றிதழை எட்டத்தில் பிடித்து வாசித்தார். சூசைமரியான் ஒரு தூணில் சாய்ந்து நின்றான். மூஞ்சி நீலமாக இருந்தது. மூச்சு இழுக்கும்போது விலா குத்தியது. வியாகுலம்மாள் பக்கத்தில் பையோடு நின்றாள்.

"'மேற்படி சூசைமரியான் ஆய்வின் நிறைவில் முறைப்படி பலியிடப்பட்டார். கல்லீரலில் கொழுப்பு இல்லை. பருமன் இல்லை.'" முதலாளி நிமிர்ந்தார். "ஏப்பா, இதுல நீ செத்துட்டன்னுல்ல போட்டுருக்கு?"

"கடைசி வரியை மட்டும் பாருங்க மொதலாளி."

"கவருமெண்டு முத்திரை வேற இருக்கே."

"இருக்குங்க. மூணு பேரு கையெழுத்து."

பூமிநாதன் சான்றிதழைப் பார்த்தார். சூசைமரியானின் வயிற்றைப் பார்த்தார். முன்பு இருந்ததைவிட ஒரு விரற்கடை கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் பருமன் இல்லை என்கிறது காகிதம். அவர் வாக்கு மாறாதவர் என்று ஊரில் பேர்.

"சர்ட்டிபிகேட்டு கேட்டேன், கொண்டாந்துட்ட. பையி உனக்குத்தான். ஆனா ஒண்ணு சூசை, செத்த ஆளுக்குச் சம்பளம் போட்டா ஆடிட்டரு என்னைய உள்ள தள்ளிருவாரு."

"அண்ணே!" என்றாள் வியாகுலம்மாள்.

"நீ சும்மா இரு ஆத்தா. எனக்கும் மனசாட்சி இருக்கு. தினப்படிக் காசு மட்டும் கையில குடுத்துர்றேன், உன் பேருல. நீ வாரிசுல்ல."

அவர் சொக்குவின் தோளிலிருந்து பையை உருவிச் சூசைமரியான் கழுத்தில் போட்டார். பஸ் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே நிற்க இடமில்லாத கூட்டம். சூசைமரியான் பின்படியில் ஏறி, சந்தின் வாசலில் போய் நின்றான்.

"யோவ், இவனா திரும்பவும்?" என்று யாரோ கத்தினார்கள். "போன தடவை மூக்கை ஒடைச்சான்யா!" முன்னாலிருந்து ஒரு முழங்கை நீண்டது. ஒருவன் செருப்பைக் கழற்றினான்.

பூமிநாதன் வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே நீட்டினார். சான்றிதழை விரித்து எல்லாருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"யாரும் கை வைக்காதீக! அவன் செத்துப்போனவன். கவருமெண்டு முத்திரை இருக்கு. ஒரு பொணத்துக்கு வழி விட மாட்டீகளாய்யா?"

பஸ்ஸுக்குள் சத்தம் அடங்கியது. நின்றவர்கள் ஒதுங்கினார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள். செருப்பைக் கழற்றியவன் இன்னொன்றையும் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றான். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்சீட்டுக் கிழவி ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

சூசைமரியான் வீங்கிய காலைத் தூக்கி வைத்துச் சந்துக்குள் இறங்கினான். எங்கேயும் இடிக்கவில்லை.

"டிக்கெட்... டிக்கெட்..."